கிளப் ஹவுஸ் ரோட்டில் கிளப் எங்கே? – வாசகர் கேள்விகள்

சென்னை அண்ணா சாலை அருகே ‘கிளப் ஹவுஸ் ரோடு’ என்று பெயர்ப் பலகை இருக்கிறது. கிளப் எதுவும் கண்ணில் படவில்லையே?
– வாசகர், திருநின்றவூர்

1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் அங்கேதான் இருந்தது. அப்போது வெள்ளைக்காரர்கள் மட்டுமே உறுப்பினர். பின்னாளில் அந்த வளாகம் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை அதிபர் ராம்நாத் கோயங்கா கைக்குப் போய் எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆனது. இன்று அங்கே நிற்பது எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம்.

கிளப் மூடப்படவில்லை. 1963-ல் அடையாறு கிளப்போடு இணைந்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. அங்குள்ள மாளிகை, கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி ஜார்ஜ் மௌப்ரே கட்டிய, குவிமாடம் வைத்த தோட்டவீடு. டி.டி.கே. சாலையின் பழைய பெயரான மௌப்ரேஸ் ரோடு அவரால் வந்ததுதான். ஆக, இன்றைய கட்டடம் கிளப்பைவிட மூத்தது!

எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தின் பலகையில் ‘1908’ என்றிருக்கிறது. கட்டடத்துக்கும் அதே வயது என்று விழா மலரில் போடலாமா?
– மன்றச் செயலாளர், தஞ்சை மாவட்டம்

அவசரப்படாதீர்கள். பலகையில் இருப்பது பெரும்பாலும் மன்றம் தொடங்கிய ஆண்டு. பல மன்றங்கள் வாடகை வீட்டில் தொடங்கி, பிறகே சொந்த இடம் வாங்கின. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடுங்கள். மிகப் பழைய பதிவுகளை நேரில் கேட்க வேண்டியிருக்கும். கிடைக்கும் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தைப் பாருங்கள்: ‘காலி மனை’ என்றால் கட்டடம் பிறகு வந்தது, ‘மனையும் கட்டடமும்’ என்றால் ஏற்கெனவே நின்றது.

கூரையில் இரும்பு உத்திரம் இருந்தால் ஏணி போட்டு, துணியால் துடைத்து அதன் பக்கவாட்டைப் பாருங்கள். பெரும்பாலும் உருக்காலையின் பெயர் புடைத்திருக்கும். டாடா என்றிருந்தால் அந்த உத்திரம் 1912-க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கியதே அந்த ஆண்டுதான். ஆனால் உத்திரத்தை இடையில் மாற்றியிருக்கலாம். அதை மட்டும் நம்பி ஆண்டு போடாதீர்கள்.

எங்கள் கிளப்பின் சீட்டாட்ட அறைச் சுவருக்கு சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தோம். தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை உப்புப் பூத்துக் கொட்டுகிறது. மறுபடி பூசியும் நிற்கவில்லை.
– வாசகர், காரைக்குடி

எத்தனை முறை பூசினாலும் நிற்காது. பழைய சுண்ணாம்புச் சுவரின் அடியில் ஓதத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. தரை ஈரம் மேலே ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போய்விடும். சிமென்டும் பெயின்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. ஈரம் கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக இறுகிப் பருக்கிறது, பூச்சைத் தள்ளிவிடுகிறது. விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், ‘டொக்’கென்று பொள்ளல் சத்தம் வரும் இடமெல்லாம் விட்டுப்போன இடம்.

முதலில் வெளியே பாருங்கள்: மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா, முற்றத்தை உயர்த்தி மண் சுவரில் ஏறியிருக்கிறதா? அதைச் சரிசெய்யாமல் உள்ளே கை வைப்பது வீண்செலவு. பிறகு ஓதக் கோட்டுக்கு (ஈரம் ஏறியிருக்கும் உயரத்துக்கு) மேல் ஓரடி சேர்த்து சிமென்டைக் கொத்தி எடுங்கள். உளி மெல்ல விழட்டும். செங்கல்லின் மேல்தோல் பெயர்ந்தால் திரும்ப வராது. இடுக்குகளை ஓரங்குல ஆழம் சுரண்டி, உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளி, ஒரு கோடைக்காலம் காயவிடுங்கள். அவசரம்தான் இந்த வேலையைக் கெடுப்பது.

பூச்சுக்கு நீர்த்த சுண்ணாம்பை இரண்டு, மூன்று வாரமாவது ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரை பங்கு சலித்த ஆற்றுமணல் சேருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சில் பூசினால் வெடிக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஈரச்சாக்கு கட்டி வெயில் மறைக்க வேண்டும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்ப்பது நல்லதுதான்; அளவு மீறினால் பூஞ்சை பிடிக்கும். கொத்தனார் ‘சீக்கிரம் பிடிக்கட்டும்’ என்று ஒரு கை சிமென்ட் போட வருவார், விடாதீர்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் அடித்தால் பழைய கதைதான்.