சுற்றளவுக் கணக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

தலவாக்கலை, தரம் 9: சேர், மரக்கறிப் பாத்தி ஒன்றின் நீளம் அகலத்தின் இரு மடங்கிலும் 4 மீற்றர் கூடியது, சுற்றளவு 44 மீற்றர். எனக்கு அகலம் 13.3 என்று வருகிறது, விடையில் 6 என்று இருக்கிறதே?

அ + 2அ + 4 = 44 என்று எழுதியிருப்பாய் மகள். அது ஒரு நீளமும் ஒரு அகலமும் மட்டும்தான், பாத்தியைப் பாதி சுற்றி வந்து நின்றுவிட்டாய். முழுச் சுற்று 44 என்றால் பாதிச் சுற்று 22. அப்போ 3அ + 4 = 22, அ = 6, நீளம் 16. படத்தைக் கீறி நான்கு பக்கத்திலும் அளவை எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் கோட்டை விடுவது இங்கேதான், அட்சரகணிதத்தில் இல்லை.

ஹட்டன்: எக்ஸ் போடாமல் அ போட்டால் புள்ளி வெட்டுவார்களா?

எந்த எழுத்தும் போடலாம். ஆனால் "அகலம் அ மீற்றர் என்க" என்று முதல் வரியில் எழுதிவிடு.

பண்டாரவளை: இருசமபக்க முக்கோணி, சமபக்கம் ஒவ்வொன்றும் அடியின் இரு மடங்கிலும் 3 சென்ரிமீற்றர் குறைவு, சுற்றளவு 34. அடி 7.4 என்று வந்து குழப்புகிறது.

அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது 2(2அ − 3) என்பதை 4அ − 3 ஆக்கிவிட்டீர்கள், அது 4அ − 6. பிறகு 5அ = 40, அடி 8, மற்றப் பக்கங்கள் 13, 13. கூட்டிப் பாருங்கள், 34 சரியாக வரும்.

பொகவந்தலாவை: லயத்துச் சுவரை ஒரு பக்கமாக வைத்து மற்ற மூன்று பக்கமும் 30 மீற்றர் வேலி, நீளம் அகலத்தின் மும்மடங்கு. எப்படித் தொடங்குவது?

நீளப் பக்கம்தானே சுவரோடு ஒட்டியது? அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அ + அ + 3அ = 30. அகலம் 6, நீளம் 18.

மஸ்கெலியா, ஒரு தகப்பன்: தம்பி, வீடு கட்ட 7 பேர்ச் காணி. சுற்றி வேலிக்கு எவ்வளவு கம்பி வேண்டும்?

அண்ணா, பரப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 7 பேர்ச் ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் பக்கம் 13.3, சுற்றி 53 மீற்றர் போதும். அதே காணி 6 மீற்றர் அகலத்தில் ஒடுங்கி நீண்டிருந்தால் நீளம் 29.5, சுற்றி 71 மீற்றர். அதனால் பக்கங்களை அளந்து அனுப்புங்கள், அதுவும் நிலத்தோடு ஒட்டி நாடாவைப் பிடித்து, ஏனென்றால் நில அளவைப் படத்தில் இருப்பது கிடையாக அளந்த நீளம், நம்ம பக்கத்துச் சரிவில் கம்பி அதைவிடக் கூடப் பிடிக்கும். அப்புறம் கேற்றுக்கு விடும் இடத்தைக் கழித்துவிட்டு, எத்தனை வரி அடிக்கிறீர்களோ அத்தனையால் பெருக்குங்கள்.