பாக்க ஒண்ணுமில்லாத 55 கிலோமீட்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

தென்னாப்பிரிக்காவுல செஞ்சுரியன்ல இருந்து எழுதறேன். ஐ.டி. வேலை, இங்க வந்து மூணு வருஷம் ஆகுது. வர்ற நவம்பர்ல ஒம்பது நாள் லீவு போட்டு டர்பன்ல இருந்து ஃபோக்ஸ்ரஸ்ட் வரைக்கும் சைக்கிள்ல வரலாம்னு நாங்க மூணு பேர் பிளான் பண்ணியிருக்கோம். ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு, மாரிட்ஸ்பர்க், ஹோவிக், மூய் ரிவர், கொலென்சோ, லேடிஸ்மித், நியூகாசில், இதுதான் ரூட். எந்த சைக்கிள், என்ன கியர் வேணும்? டென்ட் தேவையா? சாமான் எவ்வளவு வரைக்கும் கொண்டு வரலாம்? இன்னொண்ணு, நியூகாசிலுக்கும் ஃபோக்ஸ்ரஸ்ட்டுக்கும் நடுவுல பாக்க ஒண்ணுமில்ல, வெறும் புல்லும் லாரியும்தான், கடைசியில பெரிய ஏத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த 55 கிலோமீட்டரை மட்டும் பிக்கப்ல ஏத்தி தாண்டிடலாமான்னு யோசிக்கிறோம். ஏத்தத்துல எறங்கி சைக்கிளை தள்ளிக்கிட்டு போறது எனக்கு அசிங்கமா இருக்கும்.

ச.

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தப்ப வாசப்படியில உக்காந்து டயர்ல இருந்து முள்ளு புடுங்கிக்கிட்டிருந்தேன். இங்க இதை டூவல்கின்னு சொல்லுவாங்க, ஆப்பிரிக்கான்ஸ் பேரு, இந்த நாட்டுல சைக்கிள் ஓட்டற எல்லாருக்கும் தெரிஞ்ச எமன். கையில எடுத்துப் பாத்தா வேற ஒண்ணுமில்ல, நம்ம நெருஞ்சி. அதே குட்டி மஞ்சப்பூ, தரையோட தரையா அதே கொடி, காய் காஞ்சு துண்டு துண்டா ஒடைஞ்சு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளு மேல பாத்துக்கிட்டே கிடக்கும். தரங்கம்பாடி பக்கம் எங்க ஊர்ல இது கால்ல ஏறினா எங்க பாட்டி ஊக்கால நெம்பி எடுத்து எச்சி தொட்டு வைக்கும். நான் மாரிட்ஸ்பர்க் வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, மொத தடவை டயர்ல இதைப் பாத்தப்ப அழுகையே வந்துடுச்சு. அதனால டயர் டியூப்லெஸ்ஸா போட்டு உள்ள ஓட்டையைத் தானே அடைக்கற சீலன்ட் ஊத்திக்கோ, 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும், முன்னாடி சின்ன பல்சக்கரம் 30 பல்லுன்னா பின்னாடி பெருசு 36ஆவது இருக்கணும், சைக்கிள் உங்கிட்ட இருக்கறதே போதும். டென்ட் வேண்டாம், எல்லா ஊர்லயும் ரூம் இருக்கு. என்3 நெடுஞ்சாலையில சைக்கிளை விடமாட்டாங்க, பழைய ரோடு ஆர்103லயே வா, அதுதான் ஆத்துப் பள்ளத்தாக்கு ஒவ்வொண்ணா எறங்கி ஏறிப் போற ரோடு. ஹோவிக் தாண்டினா 1962 ஆகஸ்ட் 5 அன்னைக்கு மண்டேலாவைப் பிடிச்ச இடம் அந்த ரோட்டு மேலயே இருக்கு, அங்க ஒரு மணி நேரமாவது நில்லு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பாக்க ஒண்ணுமில்லன்னு யாரு தம்பி சொன்னது? தமிழ் பேசற ஒரு புள்ள, அதுவும் நவம்பர் மாசத்துல, நியூகாசில்ல இருந்து ஃபோக்ஸ்ரஸ்ட் போற ரோட்டை பிக்கப்ல தாண்டிடலாமான்னு என்னையே கேக்குதுன்னா, எனக்கு கோவம் வந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். ராத்திரி தூக்கமும் வரல.

அந்த ரோட்டுல 1913ல நம்ம ஜனம் நடந்துச்சு. நியூகாசில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்த ஒப்பந்தக் கூலிங்க. ஒப்பந்தம் முடிஞ்சும் ஊருக்குத் திரும்பாம இங்கயே சுதந்திரமா இருக்கணும்னா வருஷத்துக்கு தலைக்கு 3 பவுண்டு வரி, 1895ல போட்ட சட்டம். பதினாறு வயசு பையனுக்கும் உண்டு, பதிமூணு வயசு பொண்ணுக்கும் உண்டு. ஒப்பந்தக் கூலிக்கு மாசச் சம்பளம் 10 ஷில்லிங்ல ஆரம்பம், 3 பவுண்டுன்னா 60 ஷில்லிங், நீயே கணக்கு போட்டுக்கோ. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல இருந்து பதினோரு பொம்பளைங்க, பெரும்பாலும் தமிழ்ப் பொம்பளைங்க, சிலர் கைக்குழந்தையோட, நியூகாசில் வந்து சுரங்கத்து ஆளுங்ககிட்ட இந்த வரியைப் பத்திப் பேசினாங்க. ஆளுங்க வேலையைப் போட்டுட்டு வெளிய வந்துட்டாங்க. பொம்பளைங்களுக்கு மூணு மாசம் ஜெயில், எங்க மாரிட்ஸ்பர்க் ஜெயில்லதான். கம்பெனி குடுத்த குடிசையை விட்டு வந்த ஜனத்தை காந்தி அக்டோபர் கடைசியில ஃபோக்ஸ்ரஸ்ட்டுக்கு முன்னாடி எல்லையோரத்துல இருக்கற சார்லஸ்டவுனுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனாரு, 36 மைலு. அங்க இருந்து நவம்பர் 6 காலைல பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலோட எல்லையைத் தாண்டினாங்க, இந்தியங்க பர்மிட் இல்லாம தாண்டினா குத்தம், ஜெயிலுக்குப் போகணும்னே தாண்டினாங்க. ஆம்பளைங்க 2,037, பொம்பளைங்க 127, குழந்தைங்க 57. நீ பிக்கப்ல தாண்டறேன்னு சொன்னது இந்த 36 மைலைத்தான்.

சாமான் எவ்வளவுன்னு கேட்டல்ல, அவங்களுக்கு சொன்ன விதி என்ன தெரியுமா, துணிமணி முடிஞ்ச வரைக்கும் கம்மியா எடுத்துக்கணும், வழியில யார் பொருளையும் தொடக்கூடாது, யார் திட்டினாலும் அடிச்சாலும் பொறுத்துக்கணும். சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணரை பவுண்டு பிரெட்டு, ஒரு அவுன்ஸ் சக்கரை. அவ்வளவுதான்.

தள்ளிக்கிட்டு போறது அசிங்கம்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் எனக்கு பொறுக்கல. நான் பொறையார் பக்கத்துல சைக்கிள் பழகினவ. வாடகை சைக்கிள், கால் எட்டாம குரங்குபெடல். எங்க ஊர்ல ஏத்தம்னா வாய்க்கால் பாலம் ஒண்ணுதான், மத்ததெல்லாம் கண்ணுக்கெட்டின வரைக்கும் ஒரே மட்டம், வயலு. தில்லையாடி போய் வள்ளியம்மை மண்டபத்து லைப்ரரியில புத்தகம் எடுத்துட்டு வர்றதுதான் எங்களுக்கு லாங் ரைடு. சுவத்துல அவ படம் இருக்கும், நாங்க செருப்பை விட்டுட்டு உள்ள ஓடுவோம், யாருன்னு ஒரு நாளும் சரியா கேட்டதில்ல. அவ பொறந்தது ஜோஹன்னஸ்பர்க்ல, குடும்பத்து ஊருதான் தில்லையாடி. இதே போராட்டத்துல அவளையும் இதே மாரிட்ஸ்பர்க் ஜெயில்லதான் போட்டாங்க, காய்ச்சலோட வெளிய வந்தா, 1914 பிப்ரவரி 22ல செத்துப்போனா, பதினாறு வயசு. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல பழைய ஜெயில் சுவத்துக்கு முன்னாடி சைக்கிளை நிறுத்தினப்பதான் அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் பேசல.

அதுக்கப்புறம் ஒரு நவம்பர்ல அந்த ரோட்டுல போனேன், கூட எங்க தெருவுல இருக்கற கவெண்டர் அக்கா. இங்க கவுண்டர்ங்கறது கவெண்டர்னு ஆயிடுச்சு, முதலி மூட்லி ஆயிடுச்சு. அக்காவுக்கு ஆயா, அண்ணே, சோறு, ரசம், சாமி, இப்படி ஒரு முப்பது வார்த்தை தமிழ் வரும், மத்ததெல்லாம் இங்கிலீஷ். ஹேண்டில்பார் பையில ஒரு காயிதம் மடிச்சு வச்சிருந்தாங்க, அவங்க தாத்தாவோட அப்பாவுக்கு கப்பல்ல வந்தப்ப குடுத்த நம்பர், கப்பல் பேரு, ஜில்லா சிங்கில்புட், கீழ கிராமத்து பேரு. அந்தக் கிராமத்து பேரை எவனோ ஒரு கிளார்க்கு காதுல விழுந்த மாதிரி இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். நீ தமிழ் ஆளுதானே, இது எந்த ஊருன்னு சொல்லுன்னாங்க. மூணு விதமா வாசிச்சுப் பாத்தேன், மூணும் செங்கல்பட்டு பக்கத்துல ஊர் பேரு மாதிரிதான் இருந்துச்சு. காயிதத்தை பழையபடி மடிச்சு வச்சுக்கிட்டாங்க.

நியூகாசில் சுமார் 1,200 மீட்டர் உயரம், ஃபோக்ஸ்ரஸ்ட் 1,650. அந்த ஏத்தத்துல பெரும்பகுதி லேங்ஸ் நெக்ங்கற கணவாயில வரும், இடது கைப்பக்கம் மஜூபா மலை. நான் பாத்த போர்டெல்லாம் 1881ல நடந்த பிரிட்டிஷ்–போயர் சண்டைக்குத்தான். நாங்க ரெண்டு பேரும் அடிவாரத்துலயே எறங்கிட்டோம். ஓட்ட முடியாம இல்ல, அக்காவுக்கு அறுபத்திரண்டு வயசு, எனக்கு கியர் இருந்துச்சு, ஓட்டியிருப்பேன். கீழ இருந்து மேல வரைக்கும் தள்ளிக்கிட்டுதான் போனோம். தள்ளினா என்ன தெரியும்னு கேளு. மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகம், அது நடக்கற ஆள் வேகம், குழந்தையை இடுப்புல வச்ச பொம்பளையோட வேகம் அதுக்கும் கீழ. ரோட்டோரத்துல சரளை எங்க காலை வாருது, நெழல் எங்கயுமே இல்ல, மேல இருந்து வர்ற காத்து எப்படி முகத்துல அடிக்குது, எல்லாம் ஒடம்புக்குத் தெரியும். இந்த நடையில ஒரு குழந்தை குளிர்லயும் வெயில்லயும் செத்துச்சு, இன்னொண்ணு ஓடையைத் தாண்டும்போது அம்மா கையில இருந்து நழுவி தண்ணியில போயிடுச்சு. ரெண்டு அம்மாவும் நடையை நிறுத்தல. ரோட்டுக்கு அடியில ஓடற ஒவ்வொரு ஓடைக்கும் நாங்க நின்னோம். முழங்கால் அளவு தண்ணி, கல்லெல்லாம் வழுக்கல், ஓரத்துல நாணல். சைக்கிளை சாய்ச்சு வச்சுட்டு அக்கா எறங்கிப் போய் கையை நனைச்சுட்டு வந்தாங்க. பிக்கப்ல போனா இந்த ஓடை உனக்கு ஒரு சின்ன குலுக்கல், அதுக்குமேல ஒண்ணுமில்ல. ஓட்டிக்கிட்டே போனாலும் உன் கண்ணு முன்சக்கரத்துலதான் இருக்கும், மூச்சுதான் கேக்கும். அந்த ஏத்தத்துல மட்டும் எறங்கணும், நான் கெஞ்சிக் கேக்கறேன், திட்டியும் கேக்கறேன். யாருகிட்ட தம்பி அசிங்கம்? லாரிக்காரன்கிட்டயா?

கஷ்டம் எல்லாம் இருக்கு, மறைக்கல. நிலக்கரி லாரி நிறைய வரும், பளபளக்கற சட்டை போட்டுக்கோ, பின் லைட்டு பகல்லயும் எரியட்டும், விடியக்காலை அஞ்சு மணிக்கே கிளம்பு. நவம்பர்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இடி மின்னல் வரும், ஆலங்கட்டி விழும், வானம் கறுத்தா நெக் மேல நிக்காத. மூணு லிட்டர் தண்ணி வேணும்.

எங்களுக்கு மேல போய்ச் சேரும்போது மணி பதினொண்ணு. அக்கா பையில இருந்து பிரெட்டு எடுத்தாங்க, இந்த ஊர் கடையில விக்கற ஒரு முழு பிரெட்டு 700 கிராம், கிட்டத்தட்ட அந்த ஒண்ணரை பவுண்டுதான், நான் வேணும்னே அதை மட்டும் வாங்கச் சொல்லியிருந்தேன். அன்னைக்கு அந்த ஜனத்துக்கு எல்லை தாண்டினதுக்கப்புறம் பிரெட்டு குடுத்தவரு ஃபோக்ஸ்ரஸ்ட்ல ஒரு வெள்ளைக்கார பேக்கரிக்காரரு, ரயில்ல போட்டு ஒவ்வொரு எடத்துக்கும் நேரத்துக்கு அனுப்பினாரு. அதையும் மறக்கக்கூடாது. புல்லு மேல உக்காந்து சக்கரையைத் தூவி தின்னோம். தொண்டையில அடைச்சுச்சு, தண்ணி குடிச்சு எறக்கினோம். பாதி பிரெட்டுக்கு மேல எங்களால முடியல. 

எந்த தேதியில லேடிஸ்மித் வர்றீங்கன்னு எழுது, நாங்க ரெண்டு பேரும் அங்க வந்து சேந்துக்கறோம். அக்காவுக்கு இப்ப அறுபத்தாறு, ரொம்ப மெதுவாத்தான் வருவாங்க, அடிக்கடி நிப்பாங்க, அந்தக் காயிதத்தை உங்க மூணு பேர்கிட்டயும் காட்டி ஊர் பேரு கேப்பாங்க. செங்கல்பட்டு பக்கத்து ஆள் யாராச்சும் உங்கள்ல இருந்தா அதையும் சேத்து எழுது.