பேர் தெரியாத கோல்ஃப் பந்தை நம்பி வாங்கலாமா?

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதம்தான், அதற்குள் மனேஜர் மே மாதம் கோல்ஃப் விளையாட வரச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் சொல்லும் டைட்டிலிஸ்ட் புரோ வி1 வாங்குவதா, பாதி விலைக்கு 'பிரீமியம்' என்று விற்கும் பேர் தெரியாத கம்பனியின் பந்தை வாங்குவதா என்பது உங்கள் கேள்வி. கிரிக்கெட் பந்தைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு கடையில் நின்றவன்தான்.

பேர் தெரியாது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். சின்னக் கம்பனிகள் பல கொரியாவிலோ தாய்வானிலோ செய்வித்துத் தங்கள் பெயரை அடித்து விற்கின்றன. புரோ வி1-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான டீன் ஸ்னெல்லே 2015இல் தனிக் கம்பனி தொடங்கினார். 2016இல் கொஸ்கோ கடை தன் சொந்தப் பெயரில் 4 பீஸ் (நான்கு அடுக்கு) பந்தை 2 டசின் 30 அமெரிக்க டொலருக்கு விட்டபோது வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. ஆனால் பிறகு அதே பெயரில் வந்தது 3 பீஸ் பந்து. பெயர் ஒன்று, உள்ளே வேறு. அதனால் யாராவது புகழ்ந்தால் எந்த வருடத்துப் பந்து என்று கேளுங்கள்.

பெட்டியில் பார்க்க வேண்டியது மேலுறை. யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் என்றால்தான் பிரீமியம் என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அது மென்மை, கிட்ட இருந்து தூக்கி அடிக்கும் வெட்ஜ் மட்டையின் கோடுகள் அதைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் பந்து விழுந்து நிற்கும். அயனோமர் என்ற மற்றப் பிளாஸ்டிக் உறை கடினம், நெடுநாள் உழைக்கும், ஆனால் விழுந்த பிறகும் உருண்டுகொண்டே போகும். பந்து அமெரிக்க கோல்ஃப் சங்கமான யூ.எஸ்.ஜி.ஏ.வின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் ஒருக்கால் பாருங்கள்.

பிறகு வேலை குசினியில். எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு டசினையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தால் கம்பனியின் கவனம் தெரிந்துவிடும். ஒரு கண்ணாடிக் கிளாஸில் சுடுதண்ணீர் விட்டு, பந்து மிதக்கும்வரை உப்பைக் கரையுங்கள். கைப்பிடி கைப்பிடியாகப் போடவேண்டி வரும், வீட்டில் பேச்சு விழும். மேலே தெரியும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, விரலால் சுழற்றி விடுங்கள். எத்தனை தரம் சுழற்றினாலும் அதே புள்ளி மேலே வந்தால் உள்ளே நடு விலகியிருக்கிறது. நான் முதலில் வாங்கிய மலிவுப் பந்தில் பன்னிரண்டில் ஐந்து அப்படித்தான். இரண்டு ஆட்டத்தில் உறையும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது.

திடலில் எல்லோரும் முதலில் தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். அது வீண். உங்களைப் போலப் புதிதாக அடிப்பவரின் கையில் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு தூரம் போகும், பந்தைக் குறை சொல்ல முடியாது. புதுப் பந்து மூன்று, தெரிந்த பந்து மூன்று எடுத்து, கிரீனுக்கு 30 யார் (கெஜம்) தள்ளி நின்று மாறி மாறிச் சிப் பண்ணுங்கள், அதாவது மெல்லத் தூக்கி அடியுங்கள். விழுந்த இடத்திலிருந்து எவ்வளவு உருண்டது என்று காலடியால் அளந்தால் போதும். பிறகு புட், அதாவது கிரீனில் குழியை நோக்கி உருட்டி அடிப்பது. சத்தமும் கைக்கு வரும் உணர்வும் பிடிக்கவில்லையென்றால் மிச்சம் எல்லாம் சரியாக இருந்தும் பிரயோசனம் இல்லை. இரண்டு பந்தையும் ஒரே நாளில் பாருங்கள். ஏப்ரல் குளிரில் எந்தப் பந்தும் தூரம் குறையும்.

இதற்கு விக்டோரியா பார்க் சப்வே பக்கத்தில் உள்ள டென்ரோனியா பார்க் நல்ல இடம். நகரசபைத் திடல், எல்லாக் குழியும் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய கிட்டக் குழிகள்.

மனேஜர் உங்கள் பந்தின் பெயரைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், அதற்குள் உங்களுடையது எது என்று சொல்லத் தெரியவேண்டும். மார்க்கரால் தமிழில் ஓர் எழுத்துப் போட்டுவிடுங்கள். என்னுடையதில் 'ழ' இருக்கும். இன்றுவரை ஒருவரும் மாறி எடுத்ததில்லை.