“ஸ்கேன் எடுக்கவா கனடா வரைக்கும் போகணும்?”: ஒரு அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

பி.இ. பயோமெடிக்கல் படித்த பெண் ஸ்கேன் எடுக்கவா டொராண்டோ போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. நம் ஊரில் அல்ட்ராசவுண்ட் என்றால் வயிற்று ஸ்கேன், எம்.ஆர்.ஐ. என்றால் டெக்னீஷியன் வேலை. உங்கள் பெண் கேட்பது அது இல்லை; மருந்து மூளைக்குள் போக அல்ட்ராசவுண்டால் வழி திறந்து, திறந்ததை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கும் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்; காசு, வேலை எல்லாம் அப்புறம்.

மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களில் செல்கள் இடுக்கே இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. இதுதான் ரத்த-மூளைத் தடுப்பு. ரத்தத்தில் வரும் நச்சை அது உள்ளே விடாது. பெரும்பாலான மருந்துகளையும் விடாது என்பதுதான் தொல்லை. 2001-இல் பாஸ்டனில் ஹைனினென், மெக்டனால்ட் குழுவினர் முயல்களில் ஒரு வழி கண்டார்கள். பெரும்பாலும் சிவப்பணு அளவுகூட இல்லாத வாயுக் குமிழிகளை ரத்தத்தில் ஏற்றி, மூளையில் ஒரே ஒரு இடத்தில் அல்ட்ராசவுண்டைக் குவித்தார்கள். அங்கே குமிழிகள் உப்பிச் சுருங்கும்போது சுவர் நெகிழ்ந்து வழிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் தானாக மூடிக்கொள்கிறது. 2015-இல் டொராண்டோ சன்னிபுரூக் மருத்துவமனையில் மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்கு மண்டையோட்டைத் திறக்காமலே இதைச் செய்தார்கள்.

திறந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. கடோலினியம் என்ற உலோகம் உள்ள கான்ட்ராஸ்ட் ஊசி, அதாவது படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து, போடுவார்கள். தடுப்பு சரியாக இருந்தால் அது மூளைத் திசுவுக்குள் போகாது. திறந்த இடத்தில் கசிந்து, டி1 வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அல்ட்ராசவுண்ட் அழுத்தம் மிஞ்சிப்போய் ரத்தம் கசிந்திருந்தால் இன்னொரு வகைப் படத்தில் கறுப்புப் புள்ளியாக விழும்.

இதுவரைக்கும் பாடப்புத்தகம். உங்கள் பெண்ணுக்கான வேலை இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. கடோலினியம் மருந்தின் மூலக்கூறு எடை ஆயிரம் டால்டனுக்கும் குறைவு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு). அல்சைமர் என்ற மறதி நோய்க்குப் போடும் ஆன்டிபாடி (புரத மருந்து) சுமார் 1,50,000 டால்டன். சைக்கிள் போன சந்தில் லாரி போய்விட்டது என்று சொல்ல முடியுமா? படம் வெளுத்திருந்தால் கடோலினியம் போயிருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு கசிந்தது, என்ன வேகத்தில், எத்தனை மணி நேரத்தில் மூடியது என்பதையெல்லாம் படத்திலிருந்து எண்ணாக எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்று: கடோலினியம் கொஞ்சம் உடம்பிலேயே தங்குகிறது. மாதாமாதம் செய்யும் சிகிச்சைக்கு அந்த ஊசி இல்லாமலே பார்க்க வழி உண்டா என்று தேடுகிறார்கள். எல்லாம் இயற்பியலும் கணக்கும் பைத்தான் நிரலும்தான்.

வேலை கிடைக்குமா? துறை சின்னது, அதை மறைக்க மாட்டேன். 2024 தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த, இதே முறையில் தடுப்பைத் திறந்து மருந்து கொடுத்த, பலரும் பேசிய அல்சைமர் ஆய்வில் நோயாளிகள் 3 பேர்தான். அதில் கொடுத்த அடுகானுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தையே தயாரித்த கம்பெனி அதே ஆண்டு கைவிட்டது. ‘ரத்த-மூளைத் தடுப்பு நிபுணர் தேவை’ என்று எந்த விளம்பரமும் வரப்போவதில்லை. எம்.ஆர்.ஐ. இயற்பியலும் படங்களை அலசும் நிரலும் தெரிந்தவர்களைத்தான் தேடுவார்கள். பெங்களூரில் ஜி.இ., சீமென்ஸ், பிலிப்ஸ் மூன்றுக்குமே மருத்துவக் கருவிகளுக்கான ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன.

உங்கள் மைத்துனர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், அப்புறம் ஆஸ்பத்திரியில் நிலையான வேலை. நல்ல பாதைதான், ஆனால் அது புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சைக்கான பாதை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தகுதி விதிகள்படி பி.எஸ்சி.யில் இயற்பியல் முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும். பி.இ. முடித்தவருக்கு அது ஒத்துவராது. இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் அந்தக் கதிர்வீச்சு வகையில் சேராதவை. ஆகவே டொராண்டோவில் பிஎச்.டி. முடித்து வந்தாலும் இங்கே ஆஸ்பத்திரி மெடிக்கல் பிசிசிஸ்ட் பதவிக்கு அது செல்லாது. ஐந்தாறு வருடம் கழித்துத் தெரிந்து வருத்தப்பட வேண்டாம்.

காசு விஷயத்தில் என் கருத்து ஒளிவுமறைவில்லாதது. கனடாவில் முதுநிலைப் படிப்பு இரண்டு வகை. பாடம் மட்டும் படிப்பது ஒன்று. ஃபீஸ் முழுக்க நம் தலையில். ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதுவது மற்றது. அதில் பெரும்பாலும் உதவித்தொகை தருவார்கள். உங்கள் பெண்ணுக்கு வந்திருப்பது இரண்டாவது என்றால் தைரியமாக அனுப்புங்கள். முதலாவது என்றால் இந்தத் தலைப்புக்காக வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்காதீர்கள்.

பேராசிரியரோடு பேசும்போது உங்கள் பெண் இரண்டு கேள்வி கேட்கட்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்கேனர் கிடைக்கும்? கடைசியாக முடித்துப் போன மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவதை வீட்டில் வைத்து நீங்களே கேளுங்கள்: எலிக்கு மயக்கமருந்து கொடுத்து ஸ்கேனரில் படுக்கவைத்து, முடிந்தபின் அதன் மூளையை எடுத்துச் சீவிப் பார்க்க மனசு ஒப்புமா? இந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இன்னும் விலங்குகளில்தான் நடக்கிறது. ஒப்பாது என்றாலும் குற்றமில்லை, படங்களை மட்டும் அலசும் குழுக்களும் உண்டு. ஆனால் விண்ணப்பம் அங்கே போக வேண்டும்.

ஆஃபர் கடிதத்தில் உதவித்தொகை பற்றிய பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சனிக்கிழமை பேசலாம்.