எண்ணில் பிழை இல்லை, படத்தில்?

வணக்கம் சார்,

சார்ட்டுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு ஒரு சந்தேகம். ராய்ட்டர்ஸ் 2014இல் வெளியிட்ட ஒரு சார்ட்டை அலுவலக நண்பர் காட்டினார். அமெரிக்காவின் புளோரிடாவில் துப்பாக்கியால் நடந்த கொலைகள். தப்பி ஓட வழியிருந்தாலும் தற்காப்புக்குச் சுடலாம் என்று 2005இல் அங்கே சட்டம் வந்தது. அதன்பின் சாவு மடமடவென்று குறைந்ததாகத்தான் எனக்குத் தெரிந்தது. உண்மையில் கூடியிருக்கிறது! சார்ட்டில் பூச்சியம் கீழே இல்லாமல் மேலே இருந்ததை, எண்கள் கீழ்நோக்கிக் கூடியதை நான் கவனிக்கவில்லை. எண்கள் எல்லாம் சரி. அப்படியென்றால் இது பொய்யா, இல்லை என் கண்ணில்தான் கோளாறா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது நானும் ஏமாந்தேன். ஆனால் பொய் என்று சொல்ல மாட்டேன். ஈராக் போர்ச் சாவுகளைச் சிவப்புப் பட்டைகளாக மேலிருந்து தொங்கவிட்ட 2011ஆம் ஆண்டுப் படம் ஒன்றுதான் அதற்கு முன்மாதிரி. அங்கே தனித்தனிப் பட்டைகள், அதனால் தொங்குவது பார்த்தவுடன் தெரிந்தது. புளோரிடா படத்தில் பட்டைகள் கிடையாது, சிவப்பை மொத்தமாக நிரப்பிவிட்டார்கள். கீழே மிச்சமிருந்த வெள்ளை, மலைபோல எழுந்து நின்றது. நாம் மலையைப் படித்தோம், அவர்கள் வானத்தை வரைந்திருந்தார்கள்.

இதில் நானும் யோக்கியன் இல்லை. எங்கள் குடியிருப்புக் கூட்டத்துக்குத் தண்ணீர் லாரிச் செலவை சார்ட்டாகப் போட்டேன். ஒரு மாதம் 42,000, அடுத்த மாதம் 46,000. உயரத்தைக் காட்டும் அளவுக்கோடு பூச்சியத்தில் இல்லாமல் 40,000இல் தொடங்கியதால் இரண்டாவது பட்டை மூன்று மடங்கு உயரம். செயலாளரைப் பார்த்து எல்லாரும் முறைத்தார்கள், பாவம்.

சரி, உங்கள் கேள்விக்கு நெருக்கமானது பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கதை. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் வீரர்களைக் காயத்தைவிட நோய்தான் அதிகம் கொன்றது என்று காட்ட அவர் படங்கள் வரைந்தார். முதலில் வரைந்ததில், ஒவ்வொரு மாதத்துக்கும் மையத்திலிருந்து சாவு விகிதத்துக்கு ஏற்ற தூரத்தில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்து, உள்ளே வண்ணம் தீட்டினார். வவ்வால் இறக்கைபோல இருக்கும். சிக்கல் என்னவென்றால், வண்ணம் தீட்டிய இடத்தில் கண் தூரத்தை அளக்காது, பரப்பைத்தான் அளக்கும். ஆறங்குல தோசையையும் பன்னிரண்டு அங்குல தோசையையும் ஒரே கனத்தில் வார்த்துப் பாருங்கள், பெரியதற்கு மாவு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு போகும். தவறு புரிந்ததும் அவரே பிழைதிருத்தச் சீட்டு ஒன்றைச் செருகினார். அப்புறம், பரப்பே எண்ணைச் சொல்லும்படி மாற்றி வரைந்தார். இன்று எல்லாரும் எடுத்துப்போடும் 1858ஆம் ஆண்டின் பூவிதழ்ப் படம் அதுதான்.

1855 ஜனவரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தொற்றுநோயால் செத்தவர்கள் 2,761 பேர், காயத்தால் 83 பேர். கிட்டத்தட்ட 33 மடங்கு. இதையே இதழின் நீளத்தில் காட்டியிருந்தால் பரப்பு ஆயிரம் மடங்கைத் தாண்டியிருக்கும். பரப்பில் காட்டும்போது நீளம் ஆறு மடங்குகூட வருவதில்லை. கணக்குப்படி இதுதான் சரி. ஆனால் பரப்பைக் குறைத்து மதிப்பிடுவது கண்ணின் பழக்கம், அதனால் பூவைப் பார்க்கும் யாருக்கும் 33 என்று தோன்றாது. எதைப் படிக்கும்போது கண் குறைவாகத் தவறுகிறது என்று 1984இல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் ஒரு வரிசை போட்டார்கள். ஒரே அளவுகோலில் எது எங்கே நிற்கிறது என்று ஒப்பிடுவதற்கு அதில் முதலிடம். நீளமும் கோணமும் அதற்குக் கீழே, பரப்பு இன்னும் கீழே.

வீட்டில் 30 செ.மீ. ஸ்கேல் இருந்தால் எடுங்கள். ஒரு தாளில் நோய்க்கு ஸ்கேலின் முழு நீளத்துக்கு ஒரு கோடு. அதனடியில், அதே விளிம்பிலிருந்து, காயத்துக்கு 9 மில்லிமீட்டர். 33 என்றால் என்னவென்று அப்போதுதான் உறைக்கும்.

நைட்டிங்கேல் இப்படிப் பட்டைகளும் வரைந்தவர்தான். வீரர்களின் சாவு விகிதத்தையும் சாதாரண ஆண்களின் சாவு விகிதத்தையும் வயதுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். தெளிவான படம். ஆனால் ஊருக்கெல்லாம் ஞாபகம் இருப்பது அந்தப் பூ.