'ரன்' படுத்தும் பாடு: கேள்விகளும் பதில்களும்

(வடசென்னையின் பல பேட்டைகளிலிருந்து வந்த கேள்விகள். பதில் சொல்பவர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் ஆங்கிலக் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர்.)

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவி: சார், ரன் என்றால் ஓடுவதுதானே? அகராதியில் ஏன் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள்?

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் திருத்திய பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 645 பொருள் இருக்கிறது. 1989 பதிப்பில் 'செட்' 430 பொருளோடு முதலிடத்தில் இருந்தது, அதைத் தள்ளிவிட்டு இது வந்தது. பயப்படாதேம்மா, அன்றாடத்துக்கு அதில் கொஞ்சம் போதும்.

சிக்கல் வேறு. நம்ம 'ஓடு'வும் லேசுப்பட்டதல்ல. படம் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடியது. இங்கெல்லாம் ஆங்கிலத்திலும் ரன்தான். பாதி இடத்தில் ஒத்துப்போகிறதே என்று மீதி இடத்திலும் நம்பி இறங்கிவிடுகிறோம், அங்கேதான் கவிழ்கிறோம். "கையும் ஓடலை காலும் ஓடலை" என்பதை ரன் போட்டுச் சொல்லிப் பார், கேட்கிறவர் உனக்குப் பக்கவாதம் என்று நினைத்துக்கொள்வார்.

காசிமேடு, விசைப்படகு வைத்திருப்பவர்: நடுக்கடலில் டீசல் தீர்ந்தால் எப்படிச் சொல்வது?

'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் டீசல்'. அந்த 'ஆஃப்' கட்டாயம் வேண்டும் அண்ணே. டீசலை முன்னால் வைத்தால் 'தி டீசல் ஹேஸ் ரன் அவுட்', அப்போது 'ஆஃப்' கிடையாது. படகு தரைதட்டினால் 'ரன் அக்ரவுண்ட்'. ரன்னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொல்லை விட்டால் அர்த்தமே மாறிப்போகும்.

மணலி, கிளியரிங் ஆபீஸ் ஊழியர்: கப்பல் ஒப்பந்தத்தில் சரக்கு இறக்க 'ஃபைவ் ரன்னிங் டேஸ்' என்று போட்டிருக்கிறது. வேலை நடக்கிற ஐந்து நாளா?

இல்லவே இல்லை. நல்லவேளை கேட்டீர்கள். ரன்னிங் டேஸ் என்றால் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வரும் நாட்கள். ஞாயிறு, பொங்கல் எதற்கும் கணக்கு நிற்காது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கணக்கு தொடங்கினால், புதன்கிழமை காலை எட்டுக்கு ஐந்து நாள் முடிந்தது. 'ஒர்க்கிங் டேஸ்' என்றிருந்தால் விடுமுறை கழியும். 'வெதர் ஒர்க்கிங் டேஸ்' என்றால் மழையால் வேலை நின்ற நேரமும் கழியும். கெடு தாண்டினால் டெமரேஜ், அதாவது கப்பலைக் காக்க வைத்ததற்கான தாமதக் கட்டணம். அது தொடங்கிவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, விடுமுறைக்கும் சேர்த்து ஏறிக்கொண்டே போகும். கையெழுத்துக்கு முன்னால் அந்த ஒரு வரியைத் தனியாக அடிக்கோடிட்டு முதலாளியிடம் காட்டுங்கள்.

வியாசர்பாடி: தம்பிக்கு 19 நடக்கிறது. 'நைன்டீன் ரன்னிங்' சரியா?

பேச்சில் போகட்டும். விண்ணப்பத்தில் முடிந்த வயதை எழுது, எய்ட்டீன்.

பெரம்பூர், ஆசிரியர்: அதென்ன பேச்சில் போகட்டும்? டாக்டரிலிருந்து கண்டக்டர்வரை எல்லாரும் சொல்கிறார்கள். இந்திய ஆங்கிலம் என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது ஐயா. 'ப்ரிபோன்' (குறித்த தேதியை முன்கூட்டி வைப்பது) நம்ம சரக்குதான், ஆக்ஸ்ஃபோர்டே ஏற்றுக்கொண்டது. நான் தப்பு என்று சொல்லவில்லை. லண்டன்காரர் விழிப்பார், அவ்வளவுதான்.

திருவொற்றியூர், நர்ஸ்: அப்போ நாங்கள் தினமும் கேஸ் ஷீட்டில் எழுதும் 'ரன்னிங் நோஸ்'?

லண்டனில் 'ரன்னி நோஸ்' என்பார்கள். 'மை நோஸ் இஸ் ரன்னிங்' எங்கும் செல்லும். ஒரு எச்சரிக்கை: 'தி ரன்ஸ்' என்றால் வயிற்றுப்போக்கு. கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து 'ஐ ஹேட் தி ரன்ஸ்' என்று யாரும் பெருமையடிக்க வேண்டாம்.

பெரம்பூர், ஆசிரியர்: மூக்கு ஓடலாம், வயசு ஓடக் கூடாதா?

ராயபுரம், கேரம் ஆட்டக்காரர்: வாத்தியார் பாயிண்டைப் பிடித்தார். பதில் சொல்லுங்க சார்.

மூக்கு ஓடுவது அவர்கள் வழக்கத்திலேயே இருக்கிறது, வயசு ஓடுவது இல்லை. நியாயம் கேட்டால் எந்த மொழியிலும் கிடைக்காது. யார் படிக்கப்போகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். பெரம்பூருக்கு எழுதினால் 'ரன்னிங்', பர்மிங்ஹாமுக்கு எழுதினால் வேண்டாம். வாத்தியார் இதற்கும் ஏதாவது சொல்வார், நான் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

எர்ணாவூர்: ரன் என்றால் ஓடு என்றுதானே அர்த்தம்?

முதல் பதிலைப் படிக்கவும்.

தண்டையார்பேட்டை: 'ரன் இன்டு', 'ரன் ஓவர்' ஒன்றா?

மின்ட் தெருவில் பழைய சிநேகிதனைத் தற்செயலாகப் பார்த்தால் 'ரன் இன்டு'. 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் ஒரு கப்பல்மேல் இன்னொரு கப்பல் மோதியதே, அதற்கும் 'ரன் இன்டு'தான். 'ரன் ஓவர்' என்றால் வண்டியை மேலே ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். சின்னச் சொல், சின்னச் சொல் என்று இதற்குத்தான் அடித்துக்கொள்கிறேன்.

மூலக்கடை: 'ஐ ஹேவ் ரேன்' வருமா?

வராது. 'ஐ ஹேவ் ரன்'.

எருக்கஞ்சேரி: 'ஹேஸ் ரேன்'?

மேலே பார்.

மாதவரம்: 'புட்' பற்றியும் சொல்லுங்களேன்.

இன்று ரன் மட்டும்.

புதுவண்ணாரப்பேட்டை: தேர்தலில் நிற்பதை ஏன் ரன் என்கிறார்கள்?

அது அமெரிக்க வழக்கம், 'ரன் ஃபார் மேயர்'. பிரிட்டனில் 'ஸ்டாண்ட் ஃபார்' என்பார்கள். நம்ம பத்திரிகைகளில் இரண்டும் வருகிறது, எதை எழுதினாலும் 'ஃபார்' போடு.