பதினான்கு ரவிக்கைகள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு வருடமாக உங்களை வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். ஈரோட்டுப் பக்கம் ஓர் ஊரில் பள்ளி ஆசிரியை. வயது 41, இரண்டு பிள்ளைகள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 82 கிலோ. கடைசி எண்ணை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

பேலியோ (சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்தும் டயட்) இருந்தேன். காலையில் நூறு பாதாம், மதியம் பனீர். 11 கிலோ குறைந்தது. ஒன்றரை வருடத்தில் 13 கிலோவாகத் திரும்பி வந்தது. ஜி.எம். டயட், பதினாறு மணி நேரப் பட்டினி எல்லாம் பார்த்தாயிற்று. பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, இரவு எல்லோருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்த பிறகு, பத்து மணிக்கு மேல் அடுப்படியில் நின்றுகொண்டே மிச்சத்தைச் சாப்பிடுவேன். எத்தனை தோசை என்று கணக்கில்லை. பள்ளியில் ஒரு நாளைக்கு நாலு டீ.

போன மாதம் ஒரு மருத்துவ முகாமில் சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்றார்கள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வெயிட்டைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பீரோவில் இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்த ரவிக்கைகள் 14 இருக்கின்றன. தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். அதற்குள் 20 கிலோ குறைத்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி. கல்யாணமான புதிதில் நான் 56 கிலோ.

உடம்போடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன் என்று ஒரு பதிவில் எழுதினீர்கள். இன்னொன்றில் தினமும் நடக்கிறேன், சோற்றைக் குறைத்துவிட்டேன் என்கிறீர்கள். ஏற்றுக்கொண்டவர் எதற்குக் குறைக்க வேண்டும்? ஏற்றுக்கொள்வது என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த நல்ல பெயரா?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வி நன்றாகவே குத்தியது. நானும் அதை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தவள்தான்.

எட்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு ஷேக் கிளப் இருந்தது. காலை ஆறு மணிக்குப் போனால் வரிசையாக நிற்க வைத்து எடை பார்ப்பார்கள். அரை கிலோ குறைந்திருந்தால் கைதட்டல். ஏறியிருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அந்த அமைதியே போதும். இரண்டு வேளை மாவு கரைத்துக் குடித்து மூன்று மாதத்தில் 9 கிலோ குறைந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி இப்படி இளைச்சுப் போயிட்ட, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்றார். (நம் ஊரில் 'இளைச்சுட்ட' என்பது போன தலைமுறை வரைக்கும் துக்கம் விசாரிக்கிற சொல். இப்போது அதைக் கேட்கத்தான் காசு கட்டுகிறோம்.) கிளப்பை நிறுத்திய மறு தீபாவளிக்குள் பத்து கிலோ ஏறிவிட்டது. அந்த மூன்று மாதமும் நான் இட்லியைப் பற்றி நினைத்த அளவுக்கு வேறு யாரையும் நினைத்ததில்லை.

எனக்கு மன உறுதி இல்லை என்றுதான் அன்று நம்பினேன். பிறகு ஒரு பரிசோதனையைப் பற்றிப் படித்தேன். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. போரில் பட்டினி கிடக்கும் மக்களின் உடம்பை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க, ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். மனசாட்சிப்படி போருக்குப் போக மறுத்தவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப் என்று நாளைக்குச் சுமார் 1,600 கலோரி. உடம்பில் கால் பங்கு எடை போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், கனவிலும் சாப்பாடு, தட்டை நக்கினார்கள். பரிசோதனை முடிந்து வயிறு முட்டத் தின்ற பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. கொள்கைக்காகப் போரையே மறுத்த ஆட்கள் அவர்கள். உறுதிக்குக் குறைவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற டயட் சார்ட்டுகள் பெரும்பாலும் 1,200 கலோரி. அவர்கள் ஆண்கள், இளவயது, நீங்கள் வேறு. ஒப்பிடுவதற்கு ஓர் அளவுண்டு. ஆனாலும் இரவு பத்து மணிக்கு நீங்கள் அடுப்படியில் நிற்பதற்குப் பகலில் இருந்த கட்டுப்பாடே பெரிய காரணம். பேலியோவில் முதல் வாரமே மூன்று கிலோ இறங்கியிருக்குமே? அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பில் சேமித்த சர்க்கரை கரைகிறது, அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் போகிறது. சோற்றில் கை வைத்த சில நாளிலேயே அது திரும்பிவிடும்.

சரி, அப்படியானால் இருப்பதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கலாமா? இருக்க முடியாது, குறிப்பாக நம்மால். நம் உடம்பில் சர்க்கரை குறைந்த எடையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும்) கணக்கில் அதிக எடைக்கும் உடல் பருமனுக்கும் வெள்ளைக்காரர்களுக்கு 25, 30 என்று இருக்கும் கோடுகளை இந்தியர்களுக்கு 23, 25 என்று இறக்கி வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. கை கால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் போகும் கணவர்மார்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார் என்று நினைக்கிறேன். டேப்பை எடுத்து அவருக்கும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

என் யோசனையை மாற்றியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்டது. உங்களைப் போலச் சர்க்கரை பார்டரில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு குழுவுக்குச் சாப்பாட்டையும் நடையையும் மாற்றுவதற்குத் தொடர்ந்து துணை நின்றார்கள்: சர்க்கரையையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது, தினம் அரை மணி நேரம் வேகமாக நடப்பது. மற்ற இரண்டு குழுக்கள் மாத்திரைக்கு. மூன்றாண்டுக் கணக்கில் முதல் குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுடைய எடை, சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை.

இதைப் படித்த அன்று எடை மெஷினைப் பரணில் ஏற்றினேன். எடை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. முட்டிக்கு அது முக்கியம், தூக்கத்துக்கு முக்கியம், எடையும் குறைந்தால் சர்க்கரை இன்னும் தள்ளிப்போகும். ஆனால் நான் செய்ய வேண்டியது சாப்பாடும் நடையும்தான். மெஷினில் தெரிகிற எண் அதற்குப் பின்னால் மெதுவாக வரும், சில மாதம் வராமலும் போகும். வராத மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடாமல் இருக்க எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஏற்றுக்கொள்வது என்று நான் எழுதியது அந்த வழியைத்தான்.

இப்போது உங்கள் அடுப்படிக்கு வருகிறேன். உங்களுக்கென்று அங்கே ஒரு தட்டு இல்லை, கவனித்தீர்களா? சின்னவன் வைத்த அரை தோசை, கல்லில் கடைசியாக ஊற்றிய ரெண்டு, கிண்ணத்தில் ஒட்டிய சட்னி, குண்டானைக் கழுவப் போடுவதற்கு முன் வழித்துப் போட்ட ஒரு வாய் சோறு. வீணாகக் கூடாதே என்று வாயில் போடுகிறோம். நான் ஒரு வாரம் அப்படிப்பட்டதை எல்லாம் வாயில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் இரவு டப்பாவில் என் முழுச் சாப்பாடு இருந்தது. அதையும் தின்று, அதற்கு மேல் 'சாப்பாடு' என்று தனியாகவும் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் டயட் எதையும் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு உட்காருங்கள். தோசை என்றால் அது முடியாது, ஒருவர் கல்லடியில் நின்றே ஆக வேண்டும். எனவே பள்ளி இருக்கும் நாளில் இட்லி, அல்லது முன்கூட்டிச் செய்து வைக்கிற ஏதாவது. தோசை ஞாயிற்றுக்கிழமைக்குப் போகட்டும். அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் ஊற்றட்டும். முதல் நாலு தோசை பிய்ந்து வரும். வரட்டும். பிள்ளை மிச்சம் வைத்தால் மூடி வையுங்கள், நாலு மணிப் பசிக்கு அவனே தின்பான்.

அடுத்தது சோறு. நம் வீட்டுச் சாப்பாட்டில் சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. பொரியல் ஓரமாக ஊறுகாய் அளவுக்கு. நான் சோற்றை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பைத்தியம் பிடிக்கும். சாம்பாருக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டேன். ரசத்தை டம்ளரில் குடித்தேன், மோரையும் அப்படியே. கால் கிலோ பீன்ஸ் வாங்கிய இடத்தில் அரை கிலோ வாங்கினேன். முட்டையோ சுண்டலோ தினம் ஏதாவது ஒன்று. முதல் பத்து நாள் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. பிறகு பழகிவிட்டது. மாமியார் மட்டும் இன்றைக்கும், "ரசத்துக்குச் சோறு போட்டுக்கலயா?" என்று கேட்கிறார்.

உங்கள் நாலு டீயில் டீக்கு இரண்டு ஸ்பூன் என்று வைத்தால், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை டீயில் மட்டும் போகிறது. ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். ஒன்றரை ஸ்பூன், ஒன்று, அரை என்று இரண்டு மாதத்தில் இறங்குங்கள். எண்ணெய்க்கு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது எங்கள் வீட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது.

நடைக்குப் பள்ளி மைதானமே இருக்கிறது. மணி அடித்த பிறகு அரை மணி நேரம். சேலைக்குக் கீழே ஷூ போட்டு நடந்தால் ஒரு வாரம் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் சரியாக எட்டு நாள் சிரித்தார்கள். "டீச்சர், உடம்பு கொஞ்சம் போட்டுட்டீங்களே" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால் "ஆமா டீச்சர்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். அதற்கு மேல் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

முகாமோடு விடாமல் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c), தைராய்டு, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) மூன்றையும் பார்த்துவிடுங்கள், நிமிர்ந்து பார்க்கிற ஒரு டாக்டரிடம். எடைக்கான ஊசிகள் இப்போது வந்திருக்கின்றன. தேவையா என்பது நீங்களும் அவரும் பேசிக்கொள்ள வேண்டியது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தைக்குள் இருபது கிலோ என்ற பேச்சை விடுங்கள். நாலு கிலோ குறைந்தால் நல்லது. அது உங்கள் எடையில் கிட்டத்தட்ட 5 சதவீதம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதுவே பலன் தரும். 56 இனி வராது. அந்த 56 கிலோப் பெண்ணுக்கு இரண்டு பிரசவம் நடக்கவில்லை, இரவு பத்து மணி வரை வேலையும் இல்லை. எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். உப்பு, மாதவிலக்கு, முந்தின நாள் விருந்து என்று ஒன்றிரண்டு கிலோ சும்மாவே ஏறி இறங்கும்.

நடுவில் தீபாவளி வருகிறது. அதிரசம் தின்னுங்கள், தட்டில் வைத்து, உட்கார்ந்து. எனக்கு அதிரசத்தால் ஏறியதைவிட, "கெட்டது கெட்டாச்சு, நாளையிலேர்ந்து பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு பெட்டியைக் காலி செய்ததில் ஏறியதுதான் அதிகம்.

கடைசியாக அந்த 14 ரவிக்கைகள். காலையில் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அவை உங்களைத் திட்டுகின்றன, நாள் அப்படித்தான் தொடங்குகிறது. நல்ல டெய்லர் என்றால் உள்ளே மூன்று நாலு தையல் விட்டுத் தைத்திருப்பார். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுங்கள். பிரித்தால் ஆறேழு தேறும். தேறாததை அக்கா தங்கை மகள்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கல்யாணப் புடவைக்குப் புது ரவிக்கையை இன்றைய அளவுக்கே தைக்கச் சொல்லுங்கள். தைக்குள் இளைத்துவிட்டால் ஒரு தையல் பிடித்துக்கொள்ளலாம், அது ஐந்து நிமிட வேலை. ஆனால் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள். தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் கொண்டுபோனால் எந்த டெய்லரும் துணியைக் கையில் வாங்க மாட்டார்.

அன்புடன்,
அக்கா